புற்றுநோய்ப் பட்டறிவும் தனியாள் அரங்கும்

1. தோற்றுவாய்

நோயுற்றவர் தம் நோயைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் உலகியல். மருத்துவரிடம் உரைப்பது ஒரு வகை. சுற்றத்தாரிடம் உரைப்பது மற்றொரு வகை. முன்னவரிடம் மருந்தும் பின்னவரிடம் ஆறுதலும் எதிர்பார்க்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தி வந்து அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத மக்கள்முன், விளக்கொளியில் தனித்து நின்று, தமக்கு வந்த புற்றுநோயைத் தாமே கூறுதல் இவ்விரண்டனுள்ளும் அடங்காத மூன்றாம் வகையாகும். இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் அமெரிக்க நாட்டில் இவ்வகை ஒரு கலை வடிவமாக உருப்பெற்றது. அதன் வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாற்றை ஆராய்வார்க்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு வினா எழும். தாம் பட்ட துன்பத்தைக் கலையாக்குவதற்கு ஒருவர்க்குக் காலத்தால் எவ்வளவு தொலைவு வேண்டும்? புண் ஆறிய பின்னரே அதனைப் பாட இயலும் என்பது பலருடைய கொள்கை. துன்பம் நிகழும்பொழுது எழுவது புலம்பல் என்றும், நாள்பல கழிந்தபின் நினைத்துக் கூறுவதே கலை என்றும் அவர் கூறுவர். இக்கொள்கை எவ்வளவு பொருந்தும் என்பதைப் புற்றுநோயைப் பற்றிய தனியாள் அரங்கு காட்டுவதுபோல வேறொன்றும் தெளிவாகக் காட்டாது. ஆதலின், நோய் வந்த காலத்திற்கும் அது கூறப்பட்ட காலத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் கருத்திற் கொண்டு சில சான்றுகளைக் கால முறைப்படி காண்போம்.

2. மறைத்துவைக்கப்பட்ட நோய்

அரங்கிற்கு முற்பட்டது ஏடு. ஏட்டினுள்ளும் முற்பட்டது மடல். 'ஈவ்லினா' (1778) என்னும் புதினத்தால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் பேனி பர்னி, பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவரை மணந்து பாரிசு மாநகரில் வாழ்ந்தபொழுது அவருடைய மார்பில் ஒரு கட்டி தோன்றியது. அது புற்று எனக் கருதப்பட்டது. நெப்போலியனின் படை மருத்துவரான லாரே 1811 செப்டம்பர் 30ஆம் நாள் அம்மையாரின் இல்லத்திலேயே அறுவை செய்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. சிறிது மது வகை மட்டுமே அவருக்குக் கொடுக்கப்பட்டது. கருப்புடை உடுத்த ஆடவர் எழுவர் அறையுட் புகுந்ததும், முகத்தின்மேல் இடப்பட்ட மெல்லிய துணியினூடே கருவியின் பளபளப்பைத் தாம் கண்டதும் ஆகிய செய்திகளைத் தம் உடன்பிறந்தாளான எசுத்தருக்கு அவர் மடலாக எழுதினார்.

அம்மடல் 1812ஆம் ஆண்டில், அறுவை நிகழ்ந்து மாதங்கள் பல சென்ற பின்னர் எழுதப்பட்டது. எழுதி முடிப்பதற்கும் அவருக்கு மாதக்கணக்காயிற்று. எழுதுங்கால் தலைநோவு வருத்தியது என்றும், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கத் தம்மால் இயலவில்லை என்றும் அம்மையாரே குறிக்கின்றார். புதினம் எழுதிப் பழகிய கை, எழுவரின் உடை நிறத்தையும் துணியின் மென்மையையும் தவறாது பதிந்துவிட்டது. ஆயினும் எழுதியவருக்கு அந்த எழுத்து அமைதி தரவில்லை. இவ்விரண்டு உண்மைகளும் பின்னர்ப் பயன்படும் ஆதலின் நினைவிற் கொள்ளத்தக்கன.

பர்னியின் மடல் வீட்டிற்குள் வழங்கிய எழுத்து. பொதுமக்கள்முன் அந்நோயின் பெயரைக் கூறுவதற்கும் நாணிய நிலை அவருக்குப்பின் ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. நோயாளிக்கே அது மறைக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரிடையே நிகழ்ந்த ஓர் ஆய்வில், புற்றுநோய் உள்ளது என்பதை நோயாளியிடம் கூறாதிருத்தலையே தாம் விரும்புவதாக 100க்கு 90 பேர் விடையளித்தனர். 1979ஆம் ஆண்டில் அவ்வாய்வு மீண்டும் நிகழ்த்தப்பட்டபொழுது 100க்கு 97 பேர் கூறுதலையே விரும்பினர். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் மருத்துவ உலகின் வழக்கம் தலைகீழாயிற்று.

நோயின் பெயரை அறியாதவர் அதனைப் பற்றி மேடையேறுதல் இயலாது. ஆதலின் இம்மாற்றத்தைத் தனியாள் அரங்கிற்குரிய முதற் காரணமாகக் கொள்ளலாம். இதற்குத் துணைசெய்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவியாரான பெட்டி போர்டு, 1974 செப்டம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டார். அச்செய்தி ஒளிக்கப்படாமல் நாளிதழ்களில் வெளிவந்தது. ஆட்சியாளர் இல்லத்திலேயே பேசப்பட்ட நோயைப் பிற இல்லங்களில் மறைத்தல் அதன்பின் அரிதாயிற்று.

3. ஏட்டில் எழுதியோர்

1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மூன்று நூல்கள் தோன்றின. அவற்றின் வேறுபாடு அரங்க வரலாற்றிற்கு வேண்டுவது. தொலைக்காட்சிச் செய்தியாளரான பெட்டி ரோலின் தம் அறுவையைப் பற்றி 1976இல் 'முதலில் அழுகிறாய்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். தன்மையிடத்து நின்று ஒளிவின்றிக் கூறும் நூல் அது.

சூசன் சான்டாக் 1978இல் எழுதிய 'நோய் உருவகமாக' என்னும் நூல் இதற்கு நேர்மாறானது. அவரும் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டவரே. எனினும் அந்நூலில் தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. புற்றுநோயைப் போராகவும், நோயாளியைப் போர்க்களமாகவும், அழுத்திவைக்கப்பட்ட உணர்ச்சியின் விளைவாக நோயையும் பேசும் வழக்குகள் நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன என்பதே அவருடைய வாதம். தன்மையிடத்தை முற்றும் நீக்கினாலன்றி வாதம் வலுப்பெறாது என அவர் கருதினார் போலும்.

மூன்றாவது, கறுப்பினப் பாவலரான ஆட்ரி லார்டு 1980இல் வெளியிட்ட 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்'. 1978இல் ஒரு மார்பை இழந்த அவர், அவ்விடத்தைச் செயற்கை உறுப்பால் நிரப்பி மறைக்க மறுத்தார். அவ்வுறுப்பு இன்றி அறுவை மருத்துவரிடம் அவர் சென்றபொழுது, அங்கிருந்த செவிலி, அவ்வாறு வருதல் பிற நோயாளிகளின் மனவுறுதியைக் குலைக்கும் எனக் கடிந்ததாக அந்நூல் கூறுகின்றது. நோயுற்ற உடல் பிறர் கண்ணிற் படுதலே ஒரு செயல், ஒரு கூற்று என்னும் கருத்து இந்நிகழ்ச்சியில் வெளிப்படுகின்றது. ஏடு அதனைச் சொல்லால் மட்டுமே கூறும். உடலையே காட்டவல்லது அரங்கு. லார்டின் நூல் நின்ற இடத்திலிருந்து அரங்கின் வழி தொடங்குகின்றது எனலாம்.

4. தனியாள் அரங்கின் வரவு

அதே காலத்தில், நோயோடு தொடர்பின்றியே, தம் வாழ்வைத் தாமே தனித்து நின்று கூறும் அரங்க வகை அமெரிக்காவில் வளர்ந்துவந்தது. இதற்கு ஊற்றுகள் இரண்டு. ஒன்று பெண்கள் இயக்கம். 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆலிவுட்டில் பாழடைந்த வீடொன்றைப் பெண் கலைஞர்கள் 'விமன்அவுசு' என்னும் பெயரால் கலைக்கூடமாக்கினர். அங்கே பெய்த் வைல்டிங், நாற்காலியில் அமர்ந்து உடலை முன்னும் பின்னும் அசைத்தவாறு, ஒரு பெண் பிறப்புமுதல் இறப்புவரை எவற்றிற்கெல்லாம் காத்திருக்கின்றாள் என்பதை அடுக்கிக் கூறும் சிறு தனியுரையை நிகழ்த்தினார். தனி வாழ்வின் செய்திகளும் பொது அரங்கிற்குரியனவே என்னும் கொள்கை இத்தகைய நிகழ்ச்சிகளால் வேரூன்றியது.

மற்றோர் ஊற்று நியூயார்க்கின் சோதனை அரங்கு. ஸ்பால்டிங் கிரே என்னும் நடிகர் 1979 முதல் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு குவளை நீர், ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு அமர்ந்து தம் வாழ்வைக் கதையாகக் கூறினார். 1993இல் தம் கண்ணோயைப் பற்றியும், அறுவைக்கு அஞ்சி மாற்று மருத்துவங்களை நாடி அலைந்தமை பற்றியும் 'கிரேயின் உடற்கூறு' என்னும் உரையை நிகழ்த்தினார். நோய் முழுநீளத் தனியுரைக்குப் பொருளாதல் கூடும் என்பதற்கு இது சான்று.

இவ்விரண்டு ஊற்றுகட்கும் இடையில் வைத்து எண்ணத்தக்கவர் நடனக் கலைஞர் அன்னா ஆல்பிரின் (1920-2021). 1972இல் அவருக்குப் பெருங்குடற் பகுதியில் புற்றுநோய் காணப்பட்டு அறுவை நிகழ்ந்தது. தம் உருவைத் தாமே வரைந்த ஓவியத்தில் அடிவயிற்றின்கண் தோன்றிய திரளொன்றே தம்மை மருத்துவரிடம் செலுத்தியது என்பது அவர் கூற்று. 1975இல், தம் ஓவியத்தின் இருண்ட பக்கத்தையும் ஒளிப் பக்கத்தையும் சிறு கூட்டத்தார்முன் அவர் ஆடிக் காட்டினார். ஆட்டமே தம் நோயைத் தீர்த்தது என அவர் நம்பினார்.

இந்நம்பிக்கையை வரலாற்று ஆசிரியன் நம்பிக்கை என்ற அளவிலேயே பதிதல் வேண்டும். ஒருவருடைய உடலில் நோய் தணிந்ததற்கு ஆட்டத்தைக் காரணமாகக் கொள்ளச் சான்று போதாது. அரங்கின் பெருமையை மருந்தின் பெருமையால் அளந்தால், நோய் தீராது மாய்ந்த கலைஞர்களின் கலை தோற்றதாகிவிடும். அது பொருந்தா முடிபாம். ஆல்பிரினின் இடம் வேறு: புற்றுநோயுற்ற தம் உடலைத் தாமே அவையோர்முன் கலைப்பொருளாக்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

5. ஜூலியா சுவீனி: நிகழ்ந்தவாறே கூறல்

நோய்க்கதை முழுநீளத் தனியாள் நாடகமாகிப் பெருமேடை ஏறியமைக்குச் சிறந்த சான்று ஜூலியா சுவீனியின் 'கடவுள் "ஹா" என்றார்' என்பது. இவர் 1990 முதல் 1994 வரை 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நகைச்சுவை நடிகையாக விளங்கியவர். மணமுறிவுக்குப்பின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தமக்கெனச் சிறு வீடு ஒன்று வாங்கித் தனியே வாழ எண்ணினார். அந்நிலையில் அவருடைய உடன்பிறந்தார் மைக்கேலுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. மைக்கேல் அவ்வீட்டிற்கு வந்து தங்கினார். ஸ்போகேன் நகரிலிருந்து பெற்றோரும் வந்து சேர்ந்தனர். உடன்பிறந்தார்க்கு மருத்துவம் நடந்துகொண்டிருக்கையிலேயே சுவீனிக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் காணப்பட்டது. மைக்கேல் 1995இல் இறந்தார்.

இக்கதை முதலில் நாடகமாக எழுதப்பட்டதன்று. முன்பே ஆயத்தம் செய்த வேடிக்கைகளைக் கூறாது வாழ்வில் நிகழ்ந்ததையே கூறவேண்டும் என்னும் கொள்கையுடைய 'அன்-காபரே' என்னும் அரங்கில், நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவற்றைச் சுவீனி கூறிவந்தார். அவ்வாறு கூறியவற்றுட் கொள்ளுவன கொண்டு, தள்ளுவன தள்ளி, வரிசைப்படுத்தி நாடகமாக்கினார். அது சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறிப் பின்னர் 1996 நவம்பரில் நியூயார்க்கின் லைசியம் அரங்கிற்கு வந்தது. 1998இல் அவரே அதனைத் திரைப்படமாக இயக்கினார்.

இந்நாடகத்தில் நோயை விட மிகுதியாகப் பேசப்படுவது வீடு. வளர்ந்து பெரியவராகிய மக்கள் மீண்டும் பெற்றோருடன் ஒரு கூரைக்கீழ் வாழுங்கால் நேரும் சிறு பிணக்குகள், உணவொன்றைத் தாயார் தம் ஊர் வழக்கால் வேறு பெயரிட்டு அழைத்தல், தனிமை தேடி வாங்கிய வீடு நோயாளர் விடுதியாக மாறிய முரண் ஆகியவை நகைச்சுவையைத் தருகின்றன. அவற்றினிடையே சாக்காடு மெல்ல நெருங்குவது கேட்போர்க்குப் புலனாகின்றது. இரண்டு புற்றுநோய்கள் ஒரு வீட்டில் இருந்தும் நாடகம் நோயின் வரலாறாகாமல் குடும்பத்தின் வரலாறாகின்றது. தம் நோயை முன்னிறுத்தாது இறந்தவருக்கு முதலிடம் கொடுத்தமையே இதன் அமைப்பு நுட்பம்.

6. சூசன் மில்லர்: நெடுநாள் கழிந்தபின் கூறல்

சுவீனிக்குச் சற்று முன்னர், 1994இல், லூயிவில் நகரின் ஹியூமானா நாடக விழாவில் சூசன் மில்லர் 'என் இடது மார்பு' என்னும் தனியாள் நாடகத்தைத் தாமே எழுதித் தாமே நடித்தார். அது ஓபி பரிசும், பெண் நாடக ஆசிரியர்க்கு வழங்கப்படும் சூசன் சுமித் பிளாக்பர்ன் பரிசும் பெற்றது. மார்பை இழந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் இதனை எழுதினார்.

நாடகம் அவையோர்க்கு இடும் ஒரு புதிரோடு தொடங்குகின்றது. தம் மார்புகளுள் ஒன்று உண்மையானதன்று என்று கூறி, எது என்பதை ஊகிக்குமாறு அவர் கேட்கின்றார். கேட்ட அளவில் அவையோர் அனைவரும் தம்மை அறியாமலே அவருடைய உடலை நோக்குவர். மறைவாக நோக்குதற்கு நாணுவாரையும் வெளிப்படையாக நோக்கச் செய்து, அந்நாணத்தை நகையாக மாற்றுகின்றது அவ்வினா. பின்னர் நாடகம் காதலியின் பிரிவு, மகனின் வளர்ச்சி, உடல் நலிவு என இழப்புகள் பலவற்றினூடே செல்கின்றது. மார்பின் இழப்பு அவற்றுள் ஒன்றாக அமைகின்றது. இறுதியில் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டுகின்றார். தொடக்கத்தில் புதிராக நோக்கப்பட்ட உடல், ஒரு வாழ்வின் வரலாற்றைக் கேட்டறிந்த கண்களால் இப்பொழுது நோக்கப்படுகின்றது. காட்டப்படும் உடல் ஒன்றே, காண்போர் மாறியிருக்கின்றனர்.

இதனை மார்கரெட் எட்சன் இயற்றிய 'விட்' என்னும் நாடகத்தோடு ஒப்பிடுதல் தகும். மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றிய எட்சன், சூலகப் புற்றுநோயால் இறக்கும் ஆங்கிலப் பேராசிரியை ஒருவரைக் கற்பனைத் தலைவியாகப் படைத்தார். 1995இல் அரங்கேறிய அந்நாடகம் 1999இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதில் தலைவியாக நடிக்கும் நடிகை, திரை வீழ்ந்தபின் நோயின்றி இல்லம் செல்வார். மில்லரின் அரங்கில் வேடம் என ஒன்றில்லை. திரை வீழ்ந்த பின்னும் தழும்பு அவருடன் செல்லும். இவ்வேறுபாட்டை வைத்து ஒன்றை உயர்ந்தது என்றும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்றும் கூறுதல் பொருந்தாது. எட்சனின் நாடகம் எந்த நடிகைக்கும் உரியதாய் எங்கும் பரவுகின்றது. மில்லரின் நாடகம் அவரே நடிக்குங்கால் தனக்கெனத் தனி வலிமை பெறுகின்றது. அமெரிக்கப் பேராசிரியை லிண்டா பார்க்-புல்லர், தம் மார்பகப் புற்றுநோயைத் தாமே மேடையில் நிகழ்த்தியவர். இவ்வகை மேடைக் கூற்றைச் 'சான்றுரை' எனக் கொண்டு அவர் 2000இல் ஒரு கட்டுரை வரைந்துள்ளார். சான்று கூறுவார் நேரில் நிற்றல் வேண்டும் என்பது வழக்குமன்றத்திற்கேயன்றி இவ்வரங்கிற்கும் பொருந்துகின்றது.

7. டிக் நொட்டாரோ: சில நாளிற் கூறல்

இவ்வரலாற்றில் மிகக் குறைந்த இடைவெளி உடையது டிக் நொட்டாரோ 2012 ஆகஸ்ட் 3ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லார்கோ அரங்கில் நிகழ்த்திய உரை. அவர் மேடையில் தனித்து நின்று பேசும் நகைச்சுவைக் கலைஞர். உணர்ச்சி காட்டாத குரலில், நீண்ட இடைவெளிகள் விட்டுப் பேசுதல் அவருடைய வழக்கம். அவ்வாண்டின் முற்பகுதியில் குடலைத் தாக்கிய கடும் நோயால் அவர் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் சில நாளில் அவருடைய தாயார் கீழே விழுந்து இறந்தார். காதலும் முறிந்தது. சூலை இறுதியில் இரு மார்பிலும் புற்றுநோய் உறுதியாயிற்று. அதன்பின் ஒரு கிழமைக்குள் அவர் மேடையேறினார்.

எந்நாளும் அவையோரை வரவேற்கும் அதே குரலில், அதே விரைவில், வரவேற்பை அடுத்துத் தமக்குப் புற்றுநோய் உள்ளதென அவர் கூறினார். அவையோர் முதலில் அதனை வேடிக்கை எனக் கருதிச் சிரித்தனர். பின்னர்ச் சிரிக்கலாமா என ஐயுற்றனர். வருந்திய குரல் எழுந்த பக்கம் நோக்கி அவரே ஆறுதல் கூறினார். நோயாளி கேட்போர்க்கு ஆறுதல் கூறும் இம்மாற்றம் உலகியலைத் தலைகீழாக்குவது; நகைப்பும் அதிலிருந்தே பிறந்தது. ஒரு கட்டத்தில், இவற்றை விட்டு வழக்கமான வேடிக்கைகளைக் கூறட்டுமா என அவர் வினவ, வேண்டா, தொடர்க என்று அவையிலிருந்து குரல் எழுந்தது. இறுதியில், நெடுஞ்சாலை நெருக்கடியில் தம் ஊர்தியை ஒரு தேனீ முந்திச் சென்றது என்னும் தம் பழைய சிறு வேடிக்கையைக் கூறி முடித்தார். அரைமணி நேரம் சாக்காட்டின் அருகே நின்று கேட்டோர்க்கு அத்தேனீயும் புதிய பொருள் தந்தது.

அவ்வுரையின் ஒலிப்பதிவு 2012 அக்டோபரில் வெளியிடப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. பின்னர் இரு மார்பும் அகற்றப்பட்டன. 2014 நவம்பரில் நியூயார்க்கில் நிகழ்த்திய உரையின் நடுவே மேலாடை களைந்து, தழும்புகள் தோன்ற, அவற்றைப் பற்றி ஒன்றும் கூறாமலே தம் வழக்கமான வேடிக்கைகளைத் தொடர்ந்தார். 2015இல் வெளிவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் அவ்வாறே செய்தார். 2012இல் சொல் இருந்தது, தழும்பு இல்லை. 2014இல் தழும்பு இருந்தது, அதனைப் பற்றிய சொல் தேவைப்படவில்லை. இரண்டு ஆண்டில் பொருள் சொல்லிலிருந்து உடலுக்குப் பெயர்ந்தது.

8. எதிர்க்கருத்தும் அதன் வலிமையும்

இக்கலை வகைக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. நடனக் கலைஞர் பில் டி. ஜோன்ஸ், கொடுநோயுற்றார் பலரைக் கூட்டிப் பயிற்சி அவைகள் நடத்தி, அவர்தம் சொற்களையும் மெய்யசைவுகளையும் கொண்டு 'ஸ்டில்/ஹியர்' என்னும் நடனத்தை 1994இல் அமைத்தார். அது தனியாள் அரங்கு அன்றாயினும், அதனைப் பற்றி எழுந்த வழக்கு இவ்வரங்கையும் சாரும். 'நியூயார்க்கர்' இதழின் நடனத் திறனாய்வாளரான ஆர்லின் குரோசி, அவ்வாண்டின் இறுதியில், தாம் அதனைக் காணவில்லை என்றும் காணப்போவதில்லை என்றும் வெளிப்படையாகக் கூறியே ஒரு கட்டுரை எழுதினார். உண்மையாகவே நோயுற்றாரை மேடையில் வைத்துக் காட்டினால் திறனாய்வாளன் செய்யத்தக்கது யாது? இரங்குதல் ஒன்றே. இரக்கத்தை முன்கூட்டியே கட்டாயமாகப் பெறும் கலை, திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது என்பது அவர் வாதம். புதின ஆசிரியர் ஜாய்சு கரோல் ஓட்சு 1995இல் மறுப்பு எழுதினார். துன்புற்றார் தம் துன்பத்தைக் கூறுதல் இலக்கியத்தில் நெடுங்கால மரபு என்பதைச் சுட்டி, காணாமலே தீர்ப்பளித்தல் முறையன்று என அவர் வாதிட்டார்.

குரோசியின் முறை ஏற்கத்தக்கதன்று. காணாத கலையைக் குறைகூறுதல் எவர்க்கும் அழகன்று. எனினும் அவர் எழுப்பிய வினாவை எளிதில் தள்ளலாகாது. அழுவாரைக் கண்டு அழுதல் மனித இயல்பு. அதற்குக் கலை வேண்டா. ஒருவர் மேடையேறித் தம் நோயைக் கூறிய அளவிலேயே அது கலையாகிவிடுமானால், நோயே கலையாகும். நோயுற்றார் அனைவரும் கலைஞராவர். அங்ஙனம் கொள்ளுதல் கலைக்கும் நீதி செய்யாது. நோயுற்றார்க்கும் நீதி செய்யாது. ஆகவே இவ்வரங்கைத் திறனாய்தற்குரிய அளவுகோல் ஒன்று வேண்டும்.

9. காலத் தொலைவும் வடிவத் தொலைவும்

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்குவோம். பர்னிக்கு இடைவெளி மாதங்கள். மில்லருக்குப் பல ஆண்டுகள். சுவீனி நிகழும்பொழுதே கூறத் தொடங்கிப் பின் ஒழுங்குபடுத்தினார். நொட்டாரோவுக்குச் சில நாள்கள். காலத் தொலைவே கலைக்கு அடிப்படை என்றால் நொட்டாரோவின் உரை புலம்பலாய் முடிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு முடியவில்லை. மாறாக, மாதங்கள் கழிந்தும் பர்னியால் தம் எழுத்தைத் திரும்பப் படிக்க இயலவில்லை. ஆதலின் காலத் தொலைவு ஒன்றே போதுமான காரணம் ஆகாது என்பது பெறப்படும்.

இவர்கள் அனைவர்க்கும் பொதுவாய் அமைந்தது வேறொன்று. நோய் வருமுன்னரே ஒவ்வொருவரிடத்தும் ஒரு வடிவம் பயின்று முதிர்ந்திருந்தது. பர்னியிடம் புதினம், மில்லரிடம் நாடகம், சுவீனியிடம் நகை நடிப்பு, நொட்டாரோவிடம் மேடை நகைச்சுவை. எதிர்பார்ப்பை எழுப்புதல், இடைவெளி விடுதல், எதிர்பாராத இடத்தில் முறித்தல் என்பவை நொட்டாரோ பல்லாண்டு பயின்ற முறைகள். துன்பம் வந்தபொழுது அதனை ஏந்துதற்குக் கலம் ஆயத்தமாக இருந்தது. துன்பத்திற்கும் கூறுவோர்க்கும் இடையே கலைக்கு வேண்டிய தொலைவை அக்கலமே தந்தது. இதனை வடிவத் தொலைவு எனப் பெயரிடலாம். காலத் தொலைவு அதற்குத் துணைசெய்யும், அதற்கு ஈடாகாது.

இவ்வளவுகோல் குரோசியின் வினாவிற்கும் விடையாகின்றது. நோய் திறனாய்வுக்கு உட்படாது, வடிவம் உட்படும். மில்லர் புதிரை முதலில் வைத்தது ஏன், தழும்பை இறுதியில் வைத்தது ஏன் என வினவலாம். சுவீனி உணவுப் பெயரைப் பற்றிய பிணக்கிற்கு அவ்வளவு இடம் அளித்தது பொருந்துமா என ஆராயலாம். தேனீ அவ்விடத்தில் வந்திராவிடில் நொட்டாரோவின் உரை எவ்வாறு முடிந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். இவ்வினாக்கள் நோயாளியை இழிவுசெய்யா. அவரைக் கலைஞராக மதித்து எழுவன ஆதலின், இரக்கத்தினும் மிக்க பெருமையையே அவர்க்குத் தருவன.

மெய்ப்பாட்டியல் கற்ற நமக்கு இங்கே ஒரு துணை உண்டு. பிணியைத் தொல்காப்பியர் இளிவரலுக்குரிய நிலைக்களங்களுள் ஒன்றாக மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு எண்ணினார். எள்ளல் நகைக்கு நிலைக்களம். தான் பிறரை எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் நகைக்கு இடனாம் என உரையாசிரியர் விரித்தனர். அமெரிக்க அரங்கு இவ்விலக்கணத்தை அறியாது. ஆயினும் அங்கு நிகழ்வதைப் பெயரிட்டுக் கூற இவ்விலக்கணம் நமக்கு உதவுகின்றது. தம் உடலின்கண் தோன்றிய இளிவரலை, தாமே எள்ளுவாராகவும் எள்ளப்படுவாராகவும் நின்று, இக்கலைஞர் நகையாக மாற்றுகின்றனர். எள்ளுவாரும் எள்ளப்படுவாரும் ஒருவரேயாதலின் அவையோரின் சிரிப்பு ஏளனம் ஆவதில்லை. நோயாளியை விலக்கிவைக்கும் சிரிப்பு, அவரோடு சேர்ந்திருக்கும் சிரிப்பாகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பொதுவழக்கு புற்றுநோயாளியைப் போர்வீரராகப் பேசும். பிழைத்தவரை வென்றவர் என்னும். இறந்தவரைப் போராடித் தோற்றவர் என்னும். மெய்ப்பாட்டு வகையாற் கூறின் அது பெருமிதம். சான்டாக் ஏட்டில் கண்டித்த இவ்வுருவகத்தை அரங்கக் கலைஞர் பெரும்பாலும் நகையால் நீக்கினர். இருபதாம் அகவையில் விதைப்பைப் புற்றுநோயுற்ற பிரையன் லோபெல், தாம் நிகழ்த்திய தனியுரைகள் மூன்றனைத் தொகுத்து 2012இல் நூலாக்கினார். நோயை வென்ற வீரர் என்னும் அச்சில் தம்மை வார்ப்பதை அவர் மறுத்து நகையாடுகின்றார். தோற்றவர் எனப் பெயர்பெறும் இறந்தோர்க்கு இந்நகை செய்யும் நீதி சிறிதன்று.

10. முடிவுரை

நோயின் பெயரைக் கூறலாம் என்னும் நிலை 1960க்கும் 1980க்கும் இடையே உருவாயிற்று. தம் வாழ்வைத் தாமே கூறும் அரங்கு ஏறத்தாழ அக்காலத்திலேயே வளர்ந்தது. இவ்விரண்டு வரலாறுகளும் கூடிய இடத்தில், 1990ஆம் ஆண்டுகளில், புற்றுநோய்ப் பட்டறிவைக் கூறும் தனியாள் அரங்கு பெருமேடை ஏறியது. 2012இல் அது காலத் தொலைவையும் கடந்து நிற்கவல்லது எனத் தெரிந்தது. கலைக்கு இன்றியமையாதது வடிவத் தொலைவே என்பது இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபு.

இம்முடிபிற்கு எல்லையும் உண்டு. மேடையேறி நின்று கூறியவர், அவ்வளவு காலமேனும் பிழைத்திருந்தவர். கூறுதற்குமுன் மாய்ந்தவரின் குரல் இவ்வரங்கில் இல்லை. சுவீனியின் நாடகத்தில் மைக்கேல் பேசுவது உடன்பிறந்தாளின் வாயால். ஆகவே இவ்வரங்கு பிழைத்தோரின் வரலாறாய் நின்றுவிடாமல், பேசாது போனோரையும் எவ்வாறு தன்னகத்து இருத்துகின்றது என்பது தனியே ஆராய்தற்குரியது. வடிவத் தொலைவு கேட்போர்க்குக் கலையைத் தரும். கூறுவோர்க்கு எப்பொழுதும் ஆறுதலைத் தரும் எனத் துணிய இயலாது. தாம் எழுதியதைத் திரும்பப் படிக்க இயலாதிருந்த பர்னியே அதற்குச் சான்று. தமக்கு ஆறுதல் கிடைக்கும் என்னும் உறுதி இன்றியும் பிறர் கேட்கத் தம் நோயை ஒழுங்குபட அவர்கள் உரைத்தமை, அவர்களுடைய கலையை மதிப்பிடுவார் மறத்தற்கரியது.